வலிக்கும் நாளைக் குறித்து வையுங்கள், ஆச்சி

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் பக்கத்து ஆச்சிமார்களுக்கு,

ஆச்சி என்று எழுதிவிட்டேனே தவிர, இது நகரத்தார் வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டுமான மடல் இல்லை. அப்பத்தா, ஆயா, அம்மாச்சி, அயித்தை, மாமியார் என்று எந்தப் பெயரில் உங்களைக் கூப்பிட்டாலும் சரி. வீட்டில் வயசுக்கு வந்த பிள்ளை ஒன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கும்போது, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு சொல்கிற இடத்தில் இருப்பவர்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன். பெற்றவள் தயங்குவாள். தகப்பன் காதில் விழாத மாதிரி முகப்பில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். கடைசியில் எல்லாரும் உங்கள் வாயைத்தான் பார்ப்பார்கள்.

நான் இந்தப் பக்கத்தில் பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸ். உங்களில் சிலருடைய பேரன் பேத்திகளை முதலில் கையில் வாங்கியவள். அந்த உரிமையில்தான் இவ்வளவு தூரம் பேசுகிறேன்.

நீங்கள் சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம். "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான். சுக்குத் தண்ணி குடிச்சிட்டுப் படு. கல்யாணம் ஆனா சரியாப் போகும்." கல்யாணம் ஆன பிறகும் வலித்தால், "ஒரு பிள்ளை பெத்தாச் சரியாப் போகும்." இந்தப் பதில் பாதிப் பேருக்கு மேல் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொருந்தாத பெண்களைப் பற்றித்தான் இந்த மடல்.

பொருந்தும் வலி எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாதா மாதம் கர்ப்பப்பை தன் உள்சவ்வை உதறித் தள்ளும்போது புரோஸ்டாகிளாண்டின் என்று ஒன்று சுரக்கும். அது கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிழியும், அதனால் வலிக்கும். முதல் நாள் இருக்கும், மிஞ்சினால் இரண்டாம் நாள். வெந்நீர்ப் பைக்கும் ஒரு மாத்திரைக்கும் அடங்கிவிடும், பிள்ளை எழுந்து பள்ளிக்கூடம் போய்விடுவாள். இதற்கு உங்கள் சுக்கும் கருப்பட்டியும் போதும். நெய் விட்டுக் கும்மாயம் கிண்டிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

இன்னொரு வலி இருக்கிறது. விலக்குக்கு நாலைந்து நாள் முன்பே அடிவயிறு கனக்கத் தொடங்கும். நின்ற பிறகும் விடாது. அந்த நாட்களில் வெளிக்குப் போனால் உயிர் போகும். சிலருக்குச் சிறுநீர் போனாலே வலிக்கும். வாந்தி எடுப்பாள், மயங்கி விழுவாள். மாத்திரை போட்டும் மாதம் இரண்டு நாள் வகுப்புக்குப் போக முடியாது. கல்யாணம் ஆனவள் என்றால் புருஷனோடு சேரும்போது வலிக்கிறது என்பதை யாரிடமும் சொல்லாமல் முழுங்கிக்கொள்வாள். இப்படிப்பட்ட பெண்களில் பலருக்கு இருப்பது எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய். உலகம் முழுவதும் பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பத்தில் ஒருவர் என்றால் உங்கள் தெருவிலும் இருக்கிறார்கள்.

நோய் இதுதான். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வைப் போன்ற திசு, கர்ப்பப்பைக்கு வெளியே போய் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. சினைப்பையில், கர்ப்பப்பைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில், குடலின் மேல், மூத்திரப்பையின் மேல், அபூர்வமாகத் தொப்புளில்கூட. திசுவில் கெடுதல் ஒன்றும் இல்லை, புற்றுநோய் இல்லை. இருக்கும் இடம்தான் தப்பு. உள்ளே இருக்கும் சவ்வு எந்த ஹார்மோனின் பேச்சைக் கேட்கிறதோ, அதே பேச்சை இதுவும் கேட்கும். மாதா மாதம் தடிக்கும், கசியும். நம் வீட்டு வளவில் கொட்டும் மழைத் தண்ணீர் தூம்பு வழியாகத் தெருவுக்குப் போய்விடும். அதே மழை, கதவடைத்த இரண்டாம் கட்டு அறைக்குள் பெய்தால் என்ன ஆகும்? அங்கேயே தேங்கும், சுவரை ஊறவைக்கும், பூசணம் பிடிக்கும். வெளியேற வழியில்லாத ரத்தம் வயிற்றுக்குள் செய்வதும் அதுதான். சுற்றியுள்ள இடம் வீங்கிப் புண்ணாகிறது. நாளாவட்டத்தில் தழும்பு விழுந்து, குடலும் சினைப்பையும் கர்ப்பப்பையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

சினைப்பையில் இந்தப் பழைய ரத்தம் தேங்கினால் கருப்பட்டிப் பாகு நிறத்தில் ஒரு கட்டி உண்டாகும். சாக்லேட் சிஸ்ட் என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் வருவது இதுதான். பெயரைப் பார்த்துவிட்டுப் பேத்திக்குச் சாக்லேட் வாங்கித் தருவதை நிறுத்திய வீடும் உண்டு. தின்கிற சாக்லேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஏன் வருகிறது என்று கேட்பீர்கள். வியன்னாவில் ரோகிடான்ஸ்கி என்ற மருத்துவர் 1860-லேயே இதை எழுதி வைத்தார். அமெரிக்காவில் சாம்ப்சன் என்பவர் 1927-ல் ஒரு விளக்கம் சொன்னார்: விலக்கு ரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போகிறது, அதோடு போகும் சவ்வுத் துணுக்குகள் அங்கே ஒட்டி வளர்கின்றன என்று. இன்றைக்கும் பெரிதாகப் பேசப்படும் விளக்கம் இது. ஆனால் ரத்தம் இப்படிப் பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. நோய் எல்லாருக்கும் வருவதில்லை. அபூர்வமாக நுரையீரலைச் சுற்றிய உறையில்கூட இந்தத் திசு இருக்கிறது. அது கருக்குழாய் வழியாக எப்படிப் போகும்? பரம்பரை, நோய் எதிர்ப்புச் சக்தியில் கோளாறு என்று வேறு காரணங்களும் சேர்ந்து வருகிறது என்றே நினைக்கிறார்கள். ஒன்று மட்டும் நிச்சயம்: பப்பாளி தின்றதால் வருவதில்லை, பாண்டி ஆடியதால் வருவதில்லை, தலைக்கு ஊற்றிய அன்றைக்கு ஐஸ் தண்ணீர் குடித்ததாலும் வருவதில்லை. பிள்ளையைத் திட்டாதீர்கள்.

இப்போது உங்களிடம் நான் கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்த நோயைக் காட்டிக்கொடுப்பது வலி எவ்வளவு என்பதைவிட, வலி எப்போது வருகிறது என்பதுதான். வயிற்றுக்குள் நிறையப் பரவியிருந்தும் சிலருக்கு அவ்வளவாக வலிக்காது. கடுகளவு இருந்தும் சிலர் துடித்துப்போவார்கள். ஆனால் மாதக் கணக்கு வைத்து ஒரு வலி வந்து போனால், அது உடம்பின் எந்த மூலையில் வந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

இதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சிசேரியன் ஆகி மூன்று நாலு வருஷம் ஆன ஒரு பெண். தழும்பின் ஓரத்தில், சேலைக் கொசுவம் செருகும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. தையல் நூல் உள்ளே தங்கிவிட்டது என்று ஒருவர் சொல்லியிருந்தார்; குடல் இறக்கம் என்று இன்னொருவர். மாமியார் விளக்கெண்ணெய் தடவிப் பார்த்திருந்தார். சீழ் என்று நினைத்து ஊசி மருந்தும் போட்டாயிற்று. வந்த டாக்டரம்மா கட்டியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்: "எந்த நாள்லம்மா ரொம்ப வலிக்குது?" அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. "தலைக்கு ஊத்துற அன்னைக்கு. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி பெருசாகும், நீலமாகும், அப்புறம் வத்திரும்." கேள்வி ஒன்றுதான். வருஷக்கணக்காக அதை யாரும் கேட்கவில்லை; அவளும் தையல் வலிக்கும் விலக்குக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லாமல் இருந்துவிட்டாள்.

அது தழும்பில் வந்த எண்டோமெட்ரியோசிஸ். ஆபரேஷனின்போது கர்ப்பப்பைச் சவ்வின் துணுக்கு வயிற்றுச் சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே குடியேறிவிடுகிறது. இது அபூர்வம்தான்; சிசேரியன் ஆனவர்களில் நூற்றுக்கு அரை ஆளுக்கும் குறைவு என்றுதான் பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அகில இந்தியக் கணக்கு 21.5 சதவீதம்தான். இத்தனை தழும்பு இருக்கும் ஊரில் அபூர்வமும் அவ்வளவு அபூர்வமாக இருக்காது. இதற்கு வைத்தியம் சுலபம்: கட்டியைச் சுற்றியுள்ள நல்ல சதையையும் ஓரமாகச் சேர்த்து முழுசாக எடுத்துவிடுவது. எண்ணெய் தடவிக் கரைகிற கட்டி இல்லை இது.

இடம் மாறி உட்கார்ந்த நல்ல திசு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் நீங்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். பிரசவமாகிப் பால் கட்டும் சமயத்தில் சிலருக்கு அக்குளில் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கும். கருவில் இருக்கும்போது அக்குளிலிருந்து தொடையிடுக்கு வரை ஓடும் பால் கோட்டில் மறையாமல் தங்கிய மார்புத் திசு அது. காம்பு இல்லாததால் பால் வெளியே வர வழியில்லை. அதைப் பிசைந்து பால் எடுக்கப் பார்க்காதீர்கள், சூடு ஒத்தடமும் வேண்டாம். பிசையப் பிசையக் கூடத்தான் சுரக்கும். ஈரத்துணி வைத்துவிட்டு விட்டுவிட்டால் பெரும்பாலும் சில நாளில் தானே அடங்கும். அடங்காவிட்டாலோ, சிவந்து காய்ச்சல் வந்தாலோ, பால்குடி மறந்த பிறகும் கெட்டியாக இருந்தாலோ காட்டுங்கள். அதுவும் மார்புத் திசுதான் என்பதால், மார்புக்கு வரும் நோய் எதுவும் அதற்கும் வரலாம்.

சரி, பேத்தியிடம் திரும்புவோம். "எங்க காலத்துல நாங்க தாங்கலையா? எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்று நீங்கள் சொல்வது ஆறுதலுக்காக என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த இரண்டாவது வாக்கியத்தை நீங்கள் சொல்ல வேண்டிய இடம் டாக்டரின் மேஜைக்கு முன்னால். இந்த நோய் குடும்பத்தில் ஓடும். தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ இருந்தால் அந்தப் பெண்ணுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். நீங்கள் பட்ட வலி, உங்கள் தங்கச்சிக்குப் பிள்ளையில்லாமல் போனது, சித்தி நாற்பது வயதில் கர்ப்பப்பையை எடுத்தது, இவையெல்லாம் பழைய கதை என்று நினைத்திருப்பீர்கள். பேத்தியின் நோயைக் கண்டுபிடிக்க அவைதான் துப்பு.

இன்னொன்றும் யோசியுங்கள். உங்கள் அப்பத்தா எட்டுப் பிள்ளை, பத்துப் பிள்ளை பெற்றார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருஷம் பால் கொடுத்தார். விலக்கு நின்றிருந்த காலம் அவருக்கு மிக அதிகம். உங்கள் பேத்தி பதினொரு வயதில் பெரியவளாகி, இருபத்தேழில் கல்யாணம் செய்து, ஒன்றோ இரண்டோ பெற்றுக்கொள்வாள். அவர் வாழ்நாளில் கண்ட விலக்கைவிட இவள் காண்பது பல மடங்கு. ஆகவே அந்தக் காலத்தைக் காட்டி இந்தக் காலத்துப் பிள்ளையை அளக்க முடியாது.

"பிள்ளை பெத்தாச் சரியாப் போகும்" என்பதற்கும் பதில் சொல்கிறேன். கர்ப்பமாக இருக்கும்போது விலக்கு நிற்பதால் சிலருக்கு வலி குறையும். பிறகு திரும்பி வரும். இந்த நோய்க்கு வைத்தியம் என்று சொல்லிக் கர்ப்பமாகச் சொல்லக் கூடாது என்று ஐரோப்பிய மருத்துவ சங்கத்தின் 2022 வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது. அதோடு இதில் ஒரு கொடுமை இருக்கிறது: இந்த நோய் இருக்கும் பெண்களில் கணிசமான பேருக்குக் கரு தங்குவதே சிரமம். எது தடையோ அதற்கே மருந்தாகப் பிள்ளையைக் கேட்கிறோம். தங்கவில்லை என்றால் மருமகளைக் குறை சொல்கிறோம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முதலில், அடுப்படியில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில் வலி வந்த நாளையும் நின்ற நாளையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போகாத நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு புள்ளி. மூன்று மாதக் கணக்கு கையில் இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வயிற்றுவலி மாத்திரையை மாதா மாதம் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். அதில் பெரும்பாலும் இருக்கும் மெஃபெனமிக் ஆசிட் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை உண்டாக்கலாம் என்று 2023 இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையமே எச்சரிக்கை விட்டது. டாக்டர் சொல்லிப் போட்டால் பயம் குறைவு. போட்டும் அடங்கவில்லை என்றால் அதுவே ஒரு தகவல். மாத்திரைக்கும் ஹார்மோனுக்கும் கட்டுப்படாத வலி இருந்த பதின்வயதுப் பெண்களுக்கு, வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்ததில், மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் இந்த நோய் இருந்ததாக அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2018-ல் எழுதியது.

"கல்யாணமாகாத பிள்ளையை எப்படி லேடி டாக்டர்கிட்ட...?" என்று இழுக்காதீர்கள். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி, சென்னைக்குப் போய் 1912-ல் டாக்டராகிவிட்டார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் வெட்கமா? கல்யாணமாகாத பெண்ணுக்கு உள் பரிசோதனை செய்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. வயிற்றின் மேல் வைத்தே ஸ்கேன் எடுப்பார்கள். ஸ்கேன் நார்மல் என்று வந்தால் நோயே இல்லை என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். மேலோட்டமாகப் படிந்த திசு ஸ்கேனில் தெரியாமல் போகும். முன்பு லேப்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் உறுதி என்பார்கள். இப்போது அறிகுறியை வைத்தே மருந்து தொடங்கலாம்.

அந்த மருந்து பெரும்பாலும் ஹார்மோன் மாத்திரை. சீட்டைப் பார்த்துவிட்டு யாராவது, "இது கர்ப்பத்தடை மாத்திரையாச்சே, கன்னிப் பிள்ளைக்கா?" என்று கிளப்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் பிள்ளை பக்கம் நிற்க வேண்டும். விலக்கை அடக்கி, இடம் மாறிய திசுவைப் பட்டினி போடத்தான் அது. நிறுத்தினால் விலக்கு திரும்ப வரும். இந்த மாத்திரையால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காமல் போகாது. டைனோஜெஸ்ட் போன்ற மாத்திரையில் இடையிடையே லேசாகப் படும், மனசு சோர்ந்துபோகலாம். அதை டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றுவார்.

சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை கூடுதலாக வந்தால் வீடே இடிந்து போகும், கேன்சர் என்று. எண்டோமெட்ரியோசிஸிலும் அது கூடும். அந்த ஒரு காகிதத்தை வைத்து யாரும் அழ வேண்டாம். டாக்டர் என்ன சொல்கிறார் என்று முழுசாகக் கேளுங்கள். அதேபோல, "கர்ப்பப்பையை எடுத்துருங்க, தொல்லை விட்டுது" என்று நீங்களாகச் சொல்லவும் வேண்டாம். வெளியே ஒட்டியிருக்கும் திசுவை விட்டுவிட்டுக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் வலி தங்கிவிடலாம். சினைப்பையையும் சின்ன வயதிலேயே எடுத்துவிட்டால் எலும்பும் இதயமும் அதற்கு விலை கொடுக்கும்.

எங்கே போவது? உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரிடம் முதலில் பேசுங்கள். அரசின் புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு நாப்கின் கொடுப்பதில் அவருக்கும் பங்கு உண்டு, விலக்குக் கணக்கைப் பற்றி அவரிடம் பேசலாம். அடுத்து காரைக்குடி அரசு தலைமை மருத்துவமனை. பெரிய பரிசோதனை வேண்டும் என்றால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி, மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. எந்த நேரமும் 104-க்குப் போன் போட்டு ஆலோசனை கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. டாக்டர் அறைக்குள் பிள்ளையோடு நீங்களும் போங்கள். ஆனால் வலி எப்படி இருக்கிறது என்று அவளையே சொல்ல விடுங்கள். நீங்கள் சொல்ல வேண்டியது உங்கள் கதையை. "எனக்கும் இருந்துச்சு டாக்டர், எங்க அக்காவுக்கும் இருந்துச்சு" என்று நீங்கள் வாய் திறந்தால், பேத்தி இன்னும் ஏழெட்டு வருஷம் அலைய வேண்டியது குறையும்.

இப்படிக்கு,
உங்கள் வயதுக்காரி,
ஓய்வுபெற்ற செவிலியர்,
காரைக்குடி